என்று

பீல் நகரில் தெருப்பெயர்கள் இரண்டு மொழியில் இருக்கும்.
எங்கள் பட்டறை இருக்கும் தெருவுக்கு
பிரெஞ்சில் ஒரு பெயர், ஜெர்மனில் ஒரு பெயர்;
தபால்காரர் இரண்டையும் நம்புவார்.
நான் எதையும் நம்புவதில்லை. அதற்குத்தான் சம்பளம்.

கோப்பு வந்தது வியாழன் மாலை, ஐந்து நாற்பதுக்கு.
அனுப்பியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.
பற்சக்கரம் வெட்டும் இயந்திரத்துக்கான செய்முறை,
லிஸ்ப்பில் எழுதியது: அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி,
அதற்குள் இன்னொன்று,
முட்டைக்கோசை உரிப்பதுபோல் போய்க்கொண்டே இருந்தது.

"ஓட்டிப் பார், என்னதான் ஆகிறதென்று பார்ப்போம்,"
என்றான் ரேட்டோ, ஒரு கை ஏற்கெனவே ஜாக்கெட்டுக்குள்.
அவனுக்கு ஐந்து ஐம்பத்திரண்டு ரயில்.

வாசிப்பது வேறு, ஓட்டுவது வேறு என்பார்கள்.
இந்த மொழியில் வாசிப்பே ஓட்டமாகிவிடும் இடம் ஒன்று உண்டு:
ஒரு வேலிக்குறி, ஒட்டினாற்போல் ஒரு புள்ளி.
கண் பட்டதும்
பின்னால் நிற்பது நடந்துவிடும்,
வரி முடியும் முன்னே.
முதலில் அதை அடைத்தேன்:
குறியைக் குறியாகவே எடுத்துவை, கீழ்ப்படியாதே.
அடுத்து, தெரியாத பெயர்களுக்கு
நிரந்தரப் பதிவு கிடையாது என்றேன்.
நகரசபைப் பதிவு வரிசையில் நின்றவள் நான்,
சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.

இந்த வேலைக்கு முன் ஆறு வருடம்
பெர்னில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்த்தேன்.
விதி ஒன்றுதான்: அவர் சொல்லும் 'நான்'
என் வாயிலும் 'நான்' என்றே வர வேண்டும்.
ஒருநாள் ஒருவர், சட்டைக் கைக்குப் பொத்தான் போட்டபடி,
நான்தான் கதவைத் திறந்துவிட்டேன், என்றார்.
நான்தான் கதவைத் திறந்துவிட்டேன், என்றேன் ஜெர்மனில்.
அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்,
என்னை.

தமிழில் 'என்று' கடைசியில்தான் வரும்.
கொல், கொளுத்து, ஓடு, எல்லாம் சொல்லி முடிந்தபிறகு
மெல்ல வந்து, இது என் பேச்சல்ல என்னும்.
லிஸ்ப்பில் அது முன்னாலேயே நிற்கும்,
நகக்கீறல் போல ஒற்றை மேற்கோள்,
செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லி.
எது மேல் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வாசித்தேன். எதுவும் நடக்கவில்லை.
நடக்காதது திரையில் வரிசையாக நின்றது:
நூற்றுப்பன்னிரண்டு பற்கள், ஆழம், எண்ணெயின் வகை,
தன் வாலைத் தானே கவ்விய ஒரு பட்டியல்.
அதை அச்சிடப் போனால் விடியும்வரை சுற்றும்;
கழுத்தில் ஓர் எண்ணைக் கட்டி நிறுத்தினேன்.
நாற்பத்தொன்றாம் இடத்தில், பற்களுக்கு நடுவே,
வேலிக்குறி, புள்ளி.
எல்லாவற்றையும் அழி.

ரேட்டோ ஜாக்கெட்டிலிருந்து கையை எடுத்து
நாற்காலியை இழுத்துப் போட்டான். ரயில் போயிருக்கும்.

ஓர் எழுத்தும் மாற்றாமல் திரும்ப எழுதிவைத்தேன்,
நாளை யார் வாசித்தாலும்
இதே பட்டியலாகவே எழுந்து வரும்படி.
மேலே தேதி, நேரம். அதன்கீழ்,
பழைய வேலையின் பழக்கம்:
பெயர் தெரியாதவர் சொன்னது,
எல்லாவற்றையும் அழி
என்று.