பதில் அளிக்கப்பட்டது

வள்ளிக்கண்ணு அனுப்பிய திருத்தம்
பதினொரு வரி.
ஏழு பச்சை, நான்கு சிவப்பு.
கீழே பலகாரக் கடையில்
மனகோலத்துக்கு எண்ணெய் காய்கிற வாசனை
மாடிப்படி ஏறி
விசைப்பலகை வரை வந்துவிட்டது.
திங்கட்கிழமை. சந்தைக்கு வந்த மினி பஸ் ஒன்று
செக்காலை ரோட்டை அடைத்துக்கொண்டு
ஹாரன் அடிக்கிறது.
மூன்று மணிக்குக் கரண்டு போகுமாம்,
குறுஞ்செய்தி வந்திருக்கிறது.
அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

ஒரு மடலுக்கு ஐந்து கொடி.
படித்தாயிற்று. பதில் போட்டாயிற்று. நட்சத்திரம்.
அழிக்கப்போகிறோம். பாதியில் நிற்கிறது.
ஒவ்வொன்றும் ஒரு பிட்,
ஐந்தும் ஓர் எண்ணுக்குள்
ஒண்டுக்குடித்தனம்.

இதுவரை எங்கள் மென்பொருளில்
பதில் பொத்தானைத் தொட்டாலே போதும்,
வெற்றுப் பெட்டி திறந்த கணமே
இரண்டாம் கொடி ஏறிவிடும்.
வளைந்த அம்பு ஒன்று
மடலின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும்.
எழுதினாயா, அனுப்பினாயா,
அது கேட்காது.

கொப்புடையம்மனுக்குக் கொடி ஏறினால்
தேர் ஓடியே தீரும்.
அதுவரை ஊர் எல்லை தாண்டக்கூடாது என்பார்கள்.
இங்கே கொடி மட்டும் ஏறும்.
அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப்
போய்விடலாம்.

வள்ளிக்கண்ணு அந்த வரியைத் தூக்கி,
மடலை வாங்கிக்கொண்டேன் என்று
சர்வர் சொன்ன பிறகு வைத்திருக்கிறாள்.
நல்ல இடம்.
ஆறு வருஷம் நான்
பார்த்துக்கொண்டே கடந்த இடம்.

சோதிக்க எனக்கு நானே ஒரு மடல் போட்டேன்.
நட்சத்திரம் குத்தினேன்.
'கிடைத்தது' என்று பதில் எழுதினேன்.
அனுப்பினேன். அம்பு வந்தது.
நட்சத்திரத்தைக் காணோம்.
படித்த அடையாளமும் போய்
மடல் மறுபடி தடித்த எழுத்தில்
ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
சமக்குறிக்கு முன்னால்
ஒரு குத்துக்கோடு இல்லை.
இருந்தால், இதையும் சேர்.
இல்லாவிட்டால், இது மட்டும் போதும்,
மற்றவர்கள் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.
ஓரத்தில் எழுதினேன்:
"கோடு ஒன்று விட்டுப்போயிருக்கிறது.
மற்றபடி சரி."
'மற்றபடி சரி'யை அழித்தேன்.
திரும்பப் போட்டேன்.

குறிப்பின் கடைசியில் சொல்லியிருந்தாள்:
"பழைய மடல்களின் கொடிகளைத் தொடவில்லை.
எது பொய், எது மெய் என்று
நிரலுக்குத் தெரியாது."

நிரலுக்குத் தெரியாதுதான்.

சொர்ணலிங்கம் என்று தேடினேன்.
மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி.
ஓசூரிலிருந்து.
"என் பங்கை முடிச்சிரலாமா,
இல்ல திரும்பி வரட்டுமா?
ஒரு வரி போடு."
தலைப்புக்கு இடப்பக்கம் நட்சத்திரம்.
பக்கத்திலேயே வளைந்த அம்பு.
அனுப்பியவை பெட்டியில்
அவன் பேருக்கு அந்த ஆடியில் ஒன்றுமில்லை,
ஆவணியிலும் இல்லை.

அந்த அம்பை நம்பித்தான்
அவன்தான் பேச்சை நிறுத்தினான் என்று
கழனிவாசல் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன்.
அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு
நான் போகாததற்குக் காரணமாகவும்.

இரண்டு ஐம்பதுக்குக் கோடு போட்டு
மறுபடி அனுப்பினாள்.
கூடவே ஒரு நாக்குக் கடிக்கும் பொம்மை.
இறக்கி ஓடவிட்டேன்.
சொர்ணத்தின் மடலிலிருந்து
அம்பை என் கையாலேயே இறக்கினேன்.
நட்சத்திரம் அசையவில்லை.
பதில் பொத்தானை அழுத்தினேன்.

வெற்றுப் பெட்டி.
சொர்ணம், என்று அடித்தேன்.
கமா போட்டேன்.
ஃபேன் நின்றது. மோடத்தின் பச்சை அணைந்தது.
கீழே எண்ணெயில் மாவு விழும் சத்தம் மட்டும்.
பேட்டரி வெளிச்சத்தில்
மடலின் ஓரத்தைப் பார்த்தேன்.
அம்பு வரவில்லை.

கரண்டு வந்ததும் போவதற்கு
வள்ளிக்கண்ணுவுக்கு எழுதி வைத்தேன்:
சோதித்தாயிற்று.
சரியாக வேலை செய்கிறது.