சாக்பீஸ் அம்பு

இஸ்கெந்திருன் துறைமுகத்தில் ஏறியபோது
எங்களில் முக்கால்வாசிப் பேர்
கடலையே பார்த்ததில்லை.
கோதுமை வயலும் இப்படித்தான் அசையும்,
ஆனால் இவ்வளவையும் அறுக்காமல் விடுவார்களா
என்றான் துர்சுன்.

எனக்குக் கிடைத்தது சின்ன வேலை.
விடியுமுன் வரைபட அறைக்குப் போய்
மக்கா எந்தப் பக்கம் என்று கேட்டுவந்து
மேல்தளத்து இரும்பில்
சாக்பீஸால் ஓர் அம்பு போட வேண்டும்.
ஹாஸ்கெல் என்ற அமெரிக்கன்,
அவன் மொழி எனக்கு வராது, என் மொழி அவனுக்கு,
அளவுகோலை நகர்த்திப் பார்த்துவிட்டுக்
கையை நீட்டுவான்.
அந்தக் கையை அப்படியே ஏந்திக்கொண்டு
படியேறுவேன், தளும்பாமல்.

சூயஸ் கடந்த இரண்டாம் நாள்
அம்பு இடப்பக்கம் திரும்பியது.
ஆயிரம் பேர் கம்பியோரம் நெருக்கியதில்
கப்பலே சாய்ந்ததுபோல் இருந்தது.
புழுக்கம். தூசிப்படலம். வேறொன்றும் தெரியவில்லை.
ஊரில் நிலத்தை விற்றும் போய்ச்சேர முடியாத இடத்தை
அரசாங்கச் செலவில் கடந்துகொண்டிருந்தோம்.
கப்பல் நிற்கவில்லை.

ஏடன் தாண்டியதும் அம்பு பின்னால் போயிற்று.
அதன்பிறகு ஐந்து வேளையும்
போகிற இடத்துக்கு முதுகைக் காட்டியே நின்றோம்.

துர்சுன் என்றால் ‘இருக்கட்டும்’ என்று அர்த்தம்.
அவனுக்கு முன் பிறந்த நால்வரும் தங்கவில்லையாம்.
பஞ்சுபோன்ற அமெரிக்க ரொட்டியைப் பிதுக்கி
இதில் பல்லுக்கு என்ன வேலை என்பான்,
எட்டுத் துண்டு தின்றபிறகு.

ஒரே ஒரு நாள் பிசகியது.
மேகமூட்டம். நான் வேறு படி வழியாக ஏறிவிட்டேன்.
சாயங்காலம் மேகம் விலகி
சூரியன் தப்பான பக்கத்தில் இறங்கியபோதுதான் உறைத்தது:
அஸர்வரை ஆயிரம் நெற்றிகள்
வெறுந்தண்ணீரைப் பார்த்துத் தரையில் பட்டு எழுந்திருந்தன.
இமாமிடம் சொல்லவில்லை.
துர்சுனிடம் சொன்னேன்.
வாய்நிறைய ரொட்டியோடு சிரித்தான்.
‘அந்தப் பக்கமும் யாராவது இருப்பார்கள், விடு.’

தென்சீனக் கடலில் புயல்.
நான்குமுறை வரைந்தேன், நான்குமுறையும் அலை துடைத்தது.
அன்று அவரவர் பிடித்திருந்த கம்பிதான் அவரவர் திசை.

பூசானில் இறங்கும்போது
ஹாஸ்கெல் மேலிருந்து கையசைத்தான்.
பழக்கதோஷம்,
அது எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்தேன்.

நவம்பர் முடிவதற்குள்
உறைந்த மண்ணைக் கடப்பாறையால் பெயர்த்து
முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி.
வலப்பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும், முகம் அங்கே பார்க்க.
எங்கே?
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
வானத்தில் சூரியன் இல்லை.
சட்டைப்பையில் விரல்நுனியளவு சாக்பீஸ் இருந்தது.
பனியில் அது எழுதாது.

துர்சுனின் பூட்ஸில்
இன்னும் கப்பல் பெயின்ட் ஒட்டியிருந்தது.
கையை நீட்டினேன்.