கொளுவி

பன்னிரண்டு தானியப் பெட்டிகள்.
ஸ்காபரோவிலிருந்து சுகிர்தன் அனுப்பினான்,
பழைய குளிர்ச்சட்டை ஒன்றுக்குள் சுருட்டி.
எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு.
ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை,
கட்டிய அன்றைய பல்லுச்செட் மாதிரி.

பல்லுச் செய்வதுதான் என் தொழில்.
கஸ்தூரியார் வீதி, மேல்மாடி.
யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்கு
அளவாய்த் தேத்தண்ணிக் கறை தீட்டிக் கொடுப்பேன்,
பக்கத்துப் பல்லு காட்டிக்கொடுக்காமல் இருக்க.
ஆகவே அழுக்காக்கத் தெரியும்.

முதலில் கொளுவியை மூடவேண்டும்.
பெட்டிக்கு முன்னும் பின்னும்
மடக்கிய சுட்டுவிரல் போல ஒன்று.
அதன் மொழிக்குள் மயிரிழைச் சுருளாய் ஒரு வில்.
ஒரு சொட்டுப் பெயின்ற் அங்கே காய்ந்தால்
விரல் பிறகு மடங்காது, நிமிராது.
மைக்ரோபோர் டேப்பை நெருப்புக்குச்சி அகலத்தில் வெட்டி
இருபத்துநான்கு விரலுக்கும் சுற்றினேன்.
வார்ட் ஒன்று நிறைந்த மாதிரி இருந்தது மேசை.

பிறகு எயார்பிரஷ்.
பிறகு துணியில் அரித்த உரும்பிராய்ச் செம்மண்,
சில்லுக்கு மேலே, ஏணிப்படிக்குக் கீழே.

பிலேந்திரன் வந்தான்.
குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவன்.
தண்டவாளத்தில் பாதி அவனுடையது,
மின்மாற்றி முழுவதும் அவனுடையது.
"உது துருவே? உது தக்காளிச் சொதி.
கனடாத் துரு எனக்குத் தெரியாது.
உப்புத் துரு தெரியும். அது மேலே பூசினது இல்லை,
உள்ளுக்கிருந்து வெடிச்சு வாறது."

டேப்பை உரித்தான்.
கொளுவிகள் கன்னங்கரேல் என்று மினுங்கின.
"வீடு முழுக்கப் பாழ், பூட்டு மட்டும் புதுசு.
இதுக்கும் பூசும்."
"பூசினால் இறுகும்."
"பூசாட்டில் பொய்."

கொளுவுதல் என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு பொருள்.
அன்றைக்கு இரண்டாவது.
ஒன்பது நாள் அவன் மேலே வரவில்லை.
மின்மாற்றியையும் கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காங்கேசன்துறைக்கு பஸ் எடுத்தேன்,
நிசமான பெட்டியின் கொளுவியைப் பார்த்துவிட்டு வர.
கடைசிப் பெட்டிக்குப் பின்னால்
ஆரோ குந்தியிருந்து டோர்ச் அடிப்பது தெரிந்தது.
அவன்தான்.

"என்ன துலைச்சனியள் இரண்டு பேரும்?"
என்றார் கார்ட், கொடியைக் கக்கத்தில் செருகியபடி.
என்ன சொல்வது.

இரும்புக்கு முதுகெல்லாம் மண்ணிறம்.
கழுத்தில் கறுப்புக் கிரீஸ், அதில் ஒட்டிய மணல், ஒரு இறகு.
உள்வளைவு மட்டும்
சாப்பிட்டு நக்கிய கரண்டியாய்ப் பளபளத்தது.
இன்னொரு இரும்பு வந்து வந்து உரசும் இடம்.
கடற்காற்று நாள் முழுக்க அடித்தும்
அந்த இரண்டங்குலத்தில் துருவுக்கு இருக்க இடமில்லை.

திரும்புகிற பஸ்ஸில் மல்லாகம் மட்டும்
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
மல்லாகத்தில் அவன் கேட்டான்:
"மண்ணிறம் எத்தனை பங்கு தண்ணி?"
"மூன்று."

தூரிகையைக் கடதாசியில் துடைத்துத் துடைத்து,
இனி ஒன்றும் இல்லை என்கிற கட்டத்தில்
கொளுவியின் முதுகில் மட்டும் ஒரு இழுப்பு.
உள்வளைவைத் தொடுவதில்லை.
காயும் வரைக்கும் ஒவ்வொரு விரலையும்
பல்லுக் குத்தும் ஊசியால் மடக்கி நிமிர்த்தியபடி இருந்தேன்.
எண்ணெய் கூடாது, தூசி பிடிக்கும்.
பென்சில் கரியைச் சுரண்டி
ஒரு சிட்டிகை உள்ளே ஊதினான் அவன்.
மூக்கு நுனியில் கரி. சொல்லவில்லை நான்.

ஏழரைக்குக் கரண்ட் நின்றது.
மின்மாற்றி அவன் மடியில், வேலையில்லாமல்.
இருட்டில் கையாலேயே தள்ளினோம்,
நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம்,
பெட்டி பெட்டியாய்.
டிக்.
டிக்.
எண்ணிக்கொண்டு வந்தோம். பத்து.
பதினோராவது கேட்கவில்லை.

"ஆற்றை கை பூசினது?" என்றான்.
"கரி மிச்சம் கிடக்கே?" என்றேன்.
கொஞ்சம் கிடந்தது.