தையல் முன்பக்கம்

பட்டனை அமத்தினால் கழன்று வருமாம்.
அமத்தினேன். வரவில்லை.
டச்சுக்குடாக் காற்று பதினொரு வருடமாய்
உள்ளே போய் உப்பு வைத்திருக்கிறது.
தேங்காயெண்ணெய் மூன்று சொட்டு,
முழங்காலைச் சீற்றில் ஊன்றி ஒரு இழுவை.
கச்சான் செடி பிடுங்கியதுபோல்
துருவும் தூசுமாய் வந்தது முதல் தலை.

சாப்பாட்டு மேசையில் நான்கையும் நிறுத்தினேன்.
கால் இரண்டிரண்டு. முகம் இல்லை.
சோறு போட்டால் சாப்பிடுவார்கள் போல.

நளாயினியின் எழுத்துக்குப் போய் இறங்கியபோது
எங்கள் எல்லோர் பிடரியிலும் கறுப்புச் செதில்,
வெள்ளைக் கொலரில் மிளகு தூவினமாதிரி.
"கார் வாங்கினியள், தலை வாங்கேல்லையோ?"
கேட்டது அவனுடைய அக்கா.
சிரித்தது என்னுடைய தம்பி.
அன்றிரவு தொடங்கியது,
காரைப் பற்றி,
காருக்காக நான் கழற்றிய காப்பைப் பற்றி,
பிறகு எதைப் பற்றி என்றே தெரியாமல்
ஒன்பது நாள்.

என்.சி. வீதியில் நிஸ்வர் கடையில்
சாம்பல் ரெக்சின் முக்கால் யார்தான் மிச்சம்.
"நாலுக்குக் காணாது தங்கச்சி,
மெரூன் ஒன்றரை யார் கிடக்கு, குறைச்சுத் தாறன்."
சாம்பல் காருக்குள் மெரூன் தலை.
அவனிடம் கேட்கவில்லை.
கேட்கிற நிலையில் இல்லை வீடு.

பழைய உறையைத் தையல் தையலாய்ப் பிரித்தேன்.
அதுதான் அளவு, வேறு அளவு கிடையாது.
பேப்பரில் விரித்துக் கீறினேன்;
காணி விற்கிற யாரோ ஒருவரின்
தொலைபேசி இலக்கத்தின் மேலால் வளைந்தது பென்சில்.

உள்ளே ஸ்பொஞ்ச், தொட்டால் உதிர்கிற மஞ்சள்.
முன் இடது தலையில் மட்டும் ஒரு பள்ளம்,
நடுவில் இல்லை, யன்னல் பக்கமாய்.
எங்களுக்கு முதல் இந்தக் காரில் யாரோ ஒருத்தி
ஓட்டுகிறவனைப் பாராமல்
நிலாவெளி வரைக்கும், கன்னியா வரைக்கும்
வெளியையே பார்த்து வந்திருக்கிறாள்.
அல்லது நித்திரை கொண்டிருப்பாள்.
அல்லது கழுத்து நோ.
புது ஸ்பொஞ்சை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினேன்.

மெசினுக்கு ரெக்சின் பிடிக்காது.
பாதம் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது,
குழந்தைப் பவுடர் தூவியதும் நகர்ந்தது.
ஊசி இரண்டு முறிந்தது.
தைத்து முடித்துப் பார்த்தால்
உறை சிறிது, தலை பெரிது.
ஷொப்பிங் பை ஒன்றை ஸ்பொஞ்சுக்கு மாட்டினால்
வழுக்கிக்கொண்டு ஏறும்.
ஆனால் ஒருவர் நசித்துப் பிடிக்க வேண்டும்,
ஒருவர் இழுக்க வேண்டும்.
எனக்கு இரண்டு கைதான்.

சீனன்குடா மா ஆலையிலிருந்து குகனேசன் வந்தான்,
கண்ணிமையில் மாவோடு.
மேசையைப் பார்த்தான். மெரூனைப் பார்த்தான்.
கை கழுவினான்,
இருந்தான், நசித்தான்.
நான் இழுத்தேன்.
"பொறு."
"இப்ப விடு."
"அங்காலப் பக்கம்."
ஒன்பது நாளில் எங்கள் முதல் பேச்சு.

மூன்று ஏறியது. நாலாவது பாதியில்
முற்றத்தில் சரசரப்பு.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
நான் வீசிய பழைய ஸ்பொஞ்சைப்
பாண் என்று நினைத்து மெல்லுகிறது.
விளக்குமாற்றோடு ஓடினேன்.
அது வாயைத் திறக்கவில்லை, நானும் விடவில்லை.
மைதானம் வரை துரத்தி
மஞ்சள் துண்டைத் துப்ப வைத்துத் திரும்பினால்

அவன் தனியாகவே முடித்திருந்தான்.
தாடையாலும் முழங்காலாலும் நசித்தானாம்.
பெருமையாய் நீட்டினான்.
தையல் முன்பக்கம்.
முன் இடது. என்னுடையது.

கத்தரிக்கோல் பக்கத்தில்தான் கிடந்தது.
எடுக்கவில்லை.

இது தலை சாய்க்க வைத்தது இல்லையாம்,
பின்னால் எவனும் இடித்தால்
கழுத்து முறியாமல் பிடிக்கிறதாம்,
மாட்டும்போது சொன்னான்.
எங்கே கேள்விப்பட்டானோ.

உப்புவெளி தாண்டும்வரை
தையல் பிடரியில் உறுத்திக்கொண்டே வந்தது.
கொஞ்சம் வலப்பக்கமாய்த் தள்ளிச் சாய்ந்தேன்.
அங்கேயும் உறுத்தியது.
ஆனால் குறைவு.