பல் தடம்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
பொன்மனை சந்திப்பில் வண்டியை ஓரங்கட்டிப்
பின்கதவைத் திறந்தால்
தராசு, மணல் வாளி,
செலோடேப் பத்து உருளை,
மூடி போட்ட நீல டப்பாக்கள்,
அப்புறம் நான்.

ஆளைப் பார்க்கும் முன்பே
கொண்டுவரும் பேட்டரிக் கட்டையைப் பார்த்துவிடுகிறேன்.
பாதிக்கு மேல் பல் தடம்.
கடைசி ஓவரில் ரிமோட் படுத்தபோது
யாரோ கடைவாயில் வைத்து நெரித்தது.
வெயிலில் காயப்போட்டதற்குச் சாயம் வெளுத்திருக்கும்.
ஸ்பிரிங்கோடு நெருக்கிவைத்த சிகரெட் வெள்ளித்தாள்
இன்னும் சிலதின் அடியில் ஒட்டியிருக்கும்.
சாகவிடாமல் இத்தனை பாடு படுத்தியவர்கள்தான்
செத்ததும்
வாழை மூட்டில் வீசினார்கள் இவ்வளவு நாளும்.

கடிக்காதீங்க என்பேன்.
சிரிப்பார்கள்.
சதுரக் கட்டையின் இரண்டு குமிழுக்கும் டேப் ஒட்டுங்க என்பேன்.
அதற்கும் சிரிப்பார்கள்.
போன ஆவணியில் இரும்பு நாரோடு ஒரு சதுரக் கட்டை
ஒரே பைக்குள் கிடந்து
திருவட்டார் போகும் வழியில்
வண்டிக்குள் புகைந்தது.
அந்த வாசனையை அவர்களுக்கு
எந்த வார்த்தையில் கொடுப்பது?

வீங்கிய போன் பேட்டரி மணல் வாளிக்கு.
வெள்ளை பூத்துக் கசிந்தது தனி டப்பாவுக்கு.
கையுறை போடாமல் தொடாதே என்று
எனக்கு நானே.

ரப்பர் வெட்டும் ஏசுவடியான்
அரிசிச் சாக்கில் கொண்டுவந்தார்.
நூற்றுப் பன்னிரண்டு.
நான் எண்ணவில்லை, அவரே சொன்னார்.
"தலை லைட்டுக்கு ரெண்டு கட்ட போட்டா
எட்டு வெளுப்பாங்காலம் ஓடும்.
கணக்குப் பாத்துக்கிடுங்க.
மழை நாளு சேக்கல்ல."
மரத்து மூட்டில் போட மனசு வரவில்லையாம்.
காரணம் கேட்டேன்.
"பாலு தாற மரமாக்கும்" என்றார், வேறொன்றும் சொல்லாமல்
தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டு.

அவருக்குப் பின்னால் சுபஜா.
இடுப்பில் பையன், கையில் அவனுடைய பொம்மைப் போன்.
பாட்டு நின்றுபோயிற்று, எடுத்துக்கிடுங்க என்றாள்.
பின்மூடியில் திருகாணி இல்லை.
மூன்று குழி.
இரண்டு பொத்தான் பேட்டரி.

"இன்னொண்ணு?"

அவள் மடியை உதறினாள்.
பையனின் வாயைத் திறந்து விரல் விட்டாள்.
அவன் அழுததும் வரிசை கலைந்தது.
யாரோ டார்ச் அடித்தார்கள், அதில் கட்டை இல்லை.
எங்கோ வாசித்திருந்தேன்,
தொண்டையில் சிக்கினால்
இரண்டு மணி நேரத்தில் சதையை அரிக்கும் என்று.
எப்போது கழன்றது?
நேற்றா, காலையிலா?
ஒருவருக்கும் தெரியவில்லை.

டப்பாக்களை அப்படியே இறக்கிவைத்து
ஏசுவடியானைக் காவலுக்கு நிறுத்தி
குலசேகரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டோம்.
வழியெல்லாம் சுபஜா
"மூணும் இருந்துது, நாந்தான் போட்டேன்" என்றாள்.
பையன் என் கையுறையைப் பிடுங்கி
அதில் ஊதிக்கொண்டிருந்தான்.

எக்ஸ்ரே படத்தில்
கோழிக்குஞ்சு போல விலா எலும்பு.
ஒரு சின்ன இதயத்தின் மங்கல்.
வட்டமாக எதுவும் இல்லை.
டாக்டர் இரண்டு தடவை பார்த்தார்.
நான் மூன்று தடவை.

திரும்பி வந்தபோது
நடு வெயிலில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார் ஏசுவடியான்.
யாரோ கொடுத்துவிட்டுப் போனவற்றுக்கெல்லாம்
டேப் ஒட்டி வைத்திருந்தார்,
ஒட்டத் தேவையில்லாததற்கும்.

அடுத்த மாதம் அவர் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று.
சுபஜா வீட்டை ஒட்டின மரத்தில்
சிரட்டையிலிருந்து ஒட்டுப்பால் இழுத்தபோது
அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டதாம்.
உள்ளங்கையில் வாங்கினேன்.
பழுப்பு ரப்பருக்குள் உறைந்த வட்டம்.
எந்தப் பக்கம் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல்
என்று தெரியாதபடி
மரம் சுற்றிக் கட்டியிருந்தது.

கையால் போட்டானா,
வாயிலிருந்து துப்பினானா?
உரித்தால் ஒருவேளை தெரியும்.
பால்பல் அதில் பதியாது என்றும் தெரியும்.

டேப் ஒட்டாமலே
டப்பாவில் போட்டு மூடினேன்.
மூன்று கிராம், ரப்பரோடு சேர்த்து.
"சுபஜாட்ட சொல்லியாச்சா?" என்றேன்.
"வரியில நிக்கா, பாருங்க" என்றார்.