ஏழு மார் இறக்கை

புதன் இரவு ஏழிலிருந்து எட்டு வரை
மூன்றாம் எண் பூப்பந்துக் களம் எங்கள் பெயரில்.
வாடகை பதினைந்து வெள்ளி.
ஒருத்தியிடமும் மட்டை இல்லை.
காவலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஊய் பெங் தரையில் விரித்தது
நாசி கண்டார் கடையில் கேட்டு வாங்கிய பழுப்புத் தாள்.
பென்சிலில் ஒரு செவ்வகம்.
அதன் தலையில் ‘விமானக் கொட்டகை’ என்று
நான்தான் எழுதினேன்.
மாட்டுக்கும் சினிமாவுக்கும் பழகிய சொல்
கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

இப்போதைக்கு எங்கள் விமானம்
பாயான் லெப்பாஸில், ஓடுபாதைக்கு அப்பால்,
புல் ஓரத்தில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில்.
நாலு இருக்கை. என்னைவிட மூன்று வயது மூத்தது.
எஞ்சினுக்குள் மைனா இரண்டு முறை கூடு கட்டிவிட்டது.
மழை இறங்கினால் குமுதவல்லி
தொழிற்சாலை இரவு வேலையிலிருந்து கேட்பாள்:
கயிறு கட்டியாச்சா?
அதிகாலை மூன்று மணிக்கு
ஆச்சு என்று பதில் போட்டுவிட்டு
கார்ச் சாவியைத் தேடியிருக்கிறேன்.

கதவில்தான் சண்டை.
மோட்டார் வைத்த மடக்குக் கதவு என்றாள் அஸ்லினா.
கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கிறது,
நான் இருமினேன்.
மின்சாரம் போனால்? சக்கரம் துருப்பிடித்தால்?
கடல் உப்பு இரும்பை விட்டுவைக்குமா?
கடைசியில் ஒரு விதி எழுதினோம்:
காலை ஆறு மணிக்குத் தனியாக வருகிறவள்,
நாற்பத்தெட்டு கிலோ,
யாரையும் கூப்பிடாமல் திறக்க வேண்டும்.
அந்த நாற்பத்தெட்டு கிலோ யாரென்று
எல்லோருக்கும் தெரியும்.
தேவசீலா நிமிரவில்லை.
பிஸ்கட்டைக் கோப்பியில் முக்கிக்கொண்டிருந்தாள்.

கழிப்பறைக்குச் சண்டையே இல்லை.
இப்போது இருப்பது ஒன்று,
கதவில் தொப்பி போட்ட ஆண் படம்.
எட்டு வருஷமாய்த் தண்ணீர் குடிக்காமல் பறக்கிறோம்.
செவ்வகத்துக்குள் முதலில் வரைந்தது அதைத்தான்,
தேவைக்குமேல் பெரிதாக.

இறக்கை பதினொரு மீட்டர்,
கையேட்டில் இருக்கிறது.
கையேட்டில் இருப்பது கண்ணுக்குள் வருவதில்லை.
என் அளவு நாடா ஐந்து மீட்டரோடு நின்றுபோகும் ரகம்.
“மாரில் அளந்தால் என்ன?” என்றாள் லோகேஸ்.
பீச் ஸ்திரீட் கயிற்றுக் கடையில் கல்லா அவளுடையது.
விரித்த இரண்டு கை ஒரு மார்.
ஏழு மார் வேண்டும்.

நாங்கள் ஆறு பேர்.

வரிசையாக நின்றோம்,
விரல் நுனியில் விரல் நுனி.
ஒரு வளையல், ஒரு மருதாணி,
ஒரு தீக்காயம், சால்டரிங் வைத்தது.
இறக்கை ஒன்றரை மீட்டர் குட்டையாக இருந்தது.

பக்கத்துக் களத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சுலாஸ்திரி
மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.
கை ஈரம் என்றாள் மலாயில்.
பரவாயில்லை, வா.

கோட்டிலிருந்து கோட்டுக்குப் பதிமூன்று மீட்டர் சொச்சம்.
எங்கள் இரு முனையிலும்
ஒரு மீட்டரும் கொஞ்சமும் மிச்சம்.
வாளியோடு ஒரு ஆள் போகலாம் என்றாள் சுலாஸ்திரி.
பிறகு, கையை இறக்காமலே,
தரை எந்தப் பக்கம் சரிவு என்று கேட்டாள்.
அடைமழையில் தண்ணீர் உள்ளே வருமே,
எப்படி வெளியே போகும்?

மூன்று மாதமாய் வரைகிறோம்.
கூரை, கதவு, கடன், கழிப்பறை.
தண்ணீரை யாரும் நினைக்கவில்லை.
தாளில் ‘வடிகால்’ என்று எழுத
ஒரு கையும் காலியாக இல்லை.

வாசலில் எட்டு மணிப் பையன்கள்,
மட்டை தோளில்.
“இது என்ன விளையாட்டு அக்கா?”
ஊய் பெங் சிரித்ததில்
இடது முனை ஆடி
வலது முனை வரை வந்தது.

இன்னும் நாலு நிமிஷம் எங்களுடையது என்றேன்.
தோள் வலித்தது.
உயரத்தை இன்னும் அளக்கவில்லை.