மணல்மூட்டை

கொள்ளையர் சுழலியில் எல்லாம் இருக்கிறது:
பீப்பாய், நங்கூரம், ஒற்றைக்கண் மண்டையோடு,
நாற்பது நொடிக்கு ஒருமுறை
கெட்ட வார்த்தைபோல எதையோ கத்தும் கிளி.
போன வருஷம் இதே தண்டவாளம்
காட்டு விலங்குச் சவாரி.
அதற்கு முன் மிட்டாய்த் தொழிற்சாலை.
ஏப்ரலில் இரண்டு ஆள், ஓர் ஏணி, ஒரு பசைத் துப்பாக்கி,
கடல் வந்துவிட்டது.
பறவை உண்டு, பறை உண்டு, நீரும் உண்டு.
உரியது மட்டும் வரவில்லை.

நான் வேலை செய்வது எதிர்ப்பக்கம்,
கடலணைக் காவல் சவாரியில்.
ஹார்லிங்கனுக்குத் தெற்கே, நிஜக் கடலணையின் நிழலில்.
வரிசையில் நிற்கும்போதே யாரோ
ஒரு மணல்மூட்டையைக் கையில் தருவார்.
வாங்கிப் பின்னால் கொடுப்பீர்கள்.
கொடுக்கச் சொல்லிப் பலகை எங்கும் இல்லை.

எல்லாம் வீட்ஸ்கே யோசித்தது.
சுவரில் அலை ஓவியம் வேண்டாம் என்று
மேலாளரோடு மூன்று வாரம் பேசாமல் இருந்தாள்.
பதிலுக்கு, கணுக்கால் உயரத்தில் ஓர் ஈரக் கோடு.
வளைவுக்கு வளைவு ஏறும்.
படகில் உட்காரும்போது கழுத்துக்கு வந்திருக்கும்.
யாரும் அதைப் பார்ப்பதில்லை,
குரல் மட்டும் தாழ்ந்துவிடும்.

மூட்டையில் மணல் கிடையாது.
நிரப்புகிறவன் நான்தான்: பிளாஸ்டிக் குருணை,
நாலு கிலோ. குழந்தைகளுக்கு இரண்டு.

அக்டோபரில் ஒரு வியாழன், மூன்றே கால் மணிக்கு
பூங்கா முழுக்க மின்சாரம் போனது.
அவசர விளக்குகள் எரிந்தன,
அரிசியில் கல் பொறுக்குகிற வெளிச்சம்.

அங்கே மண்டையோட்டின் பின்புறம் காலி.
உள்ளே தலையை விட்டுப் படமெடுத்துச்
சிரித்தபடி இறங்கிப் போனார்கள்.
நல்ல கூட்டம், குறை சொல்லவில்லை.

இங்கே வரிசையைப் பின்படி வழியாக இறக்கினேன்.
ஒட்டுப்பலகை, இரும்புச் சட்டம், தீயணைப்பான்,
காலையில் நான் மறந்த காப்பிக் கோப்பை,
எல்லாம் தெரிந்தது.
கடைசியாக ஒருவர். மழைச்சட்டை.
மகள் முன்னாலே போய்விட்டாள்.
கையில் மூட்டை.

இதை எங்கே வைக்கணும், என்றார்.

எங்கே வேண்டுமானாலும் என்று வாய் திறந்தவன்
கதவடியைக் காட்டினேன்.

குனிந்து வைத்தார்.
இடுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவினார்.
குதிகாலால் ஒரு மிதி.
வெளியே சுள்ளென்று வெயில்.

மின்சாரம் நாலரைக்கு வந்தது.
அதுவரை அந்த மூட்டையை
நான் தாண்டித்தான் போய்வந்தேன்.